குளத்தைத் தூர்வாரினால் பறவை ஏன் போய்விடுகிறது? கொற்கை முதல் கூந்தன்குளம் வரை ஒரு விளக்கம்

கொற்கைக்கு முதன்முறை போகிறவர்கள் தேடுவது கடலை. கிடைக்காது. பாண்டியர்களின் முத்துத் துறைமுகம் என்று பாடப் புத்தகத்தில் படித்த ஊர், இன்று கடற்கரையில் இருந்து ஆறேழு கிலோமீட்டர் உள்ளே, ஏரலுக்குப் பக்கத்தில், வாழைக்கும் நெல்லுக்கும் நடுவே இருக்கும் ஒரு சின்ன கிராமம். 1968-69-இல் நடந்த அகழாய்வில் கிடைத்த கரித்துண்டு ஒன்றின் காலம் கி.மு. 785 எனக் கணிக்கப்பட்டது. 2021-இல் தமிழகத் தொல்லியல் துறை மறுபடியும் இங்கே குழி தோண்டியது. தாமிரபரணி கொண்டுவந்து கொட்டிய வண்டலில் கடல் விலகிப்போக, துறைமுகம் காயலுக்கும், பிறகு புன்னைக்காயலுக்கும், கடைசியில் தூத்துக்குடிக்கும் இடம் மாறியது.

கடல் போய்விட்டது. இப்போது கொற்கையில் தண்ணீர் என்றால் அது குளம்தான். கொற்கைக்கு மட்டுமல்ல, பாபநாசத்தில் இருந்து புன்னைக்காயல் வரை தாமிரபரணிக் கரையில் இருக்கும் எந்த ஊருக்கும் ஒரு குளம் உண்டு. ஐப்பசி, கார்த்திகை மழையில் அது நிரம்பியதும் கூழைக்கடா, நாரை, அரிவாள் மூக்கன், நீர்க்காகம், ஊசிவால் வாத்து என்று ஒரு கூட்டமே வந்து இறங்கும். இதில் சில சைபீரியாவில் இருந்தும், சில இமயமலைக்கு அந்தப் பக்கத்தில் இருந்தும் வருபவை. வரித்தலை வாத்து மங்கோலியா, திபெத் பக்கம் முட்டையிட்டுவிட்டு, இமயமலையைத் தாண்டிப் பறந்து, நெல்லைச் சீமைக் குளங்கள் வரைக்கும் வருகிறது.

இந்தக் குளங்கள் காடு கிடையாது. வேலி கிடையாது, டிக்கெட் கவுன்ட்டர் கிடையாது, பெரும்பாலானவற்றில் வனத்துறையின் போர்டுகூடக் கிடையாது. பாசனத்துக்காக வெட்டிய குளங்கள் இவை. அப்படியென்றால் இங்கே வரும் பறவைகளை யார் பார்த்துக்கொள்கிறார்கள்?

சுருக்கமான பதில்: ஊர்க்காரர்கள். ஆனால் இந்தப் பதில் பாதிதான் உண்மை.

ஒரு குளம், எத்தனை எஜமான்?

தாமிரபரணி சுமார் 128 கிலோமீட்டர் ஓடும் ஆறு. பொதிகையில் பிறந்து மன்னார் வளைகுடாவில் சேரும்வரை தமிழ்நாட்டு எல்லையைத் தாண்டுவதில்லை. ஆற்றின் குறுக்கே கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம் என 8 அணைக்கட்டுகள். இவற்றில் இருந்து பிரியும் கால்வாய்கள் வழியில் இருக்கும் குளங்களை ஒவ்வொன்றாக நிரப்பிக்கொண்டே போகும். இந்தப் பாசனத்தில் 86 ஆயிரம் ஏக்கருக்கும் மேல் நிலம் இருக்கிறது. கடைசி அணையான ஸ்ரீவைகுண்டத்தில் பிரியும் வடகாலும் தென்காலும்தான் கடைமடைக் குளங்களின் உயிர்.

ஒரு பெரிய குளத்தின் கரையும் மடையும் நீர்வளத் துறையின் பொறுப்பு. சின்னக் குளம் என்றால் ஊராட்சி ஒன்றியம். குளத்துக்குள் சமூகக் காடு திட்டத்தில் நட்ட மரங்கள் வனத்துறைக்கு. மீன்பாசி குத்தகைக்குப் போகும். ஆக்கிரமிப்பு என்றால் வருவாய்த் துறை. தண்ணீரை எப்போது திறக்க வேண்டும், எப்போது அடைக்க வேண்டும் என்பதில் ஆயக்கட்டு விவசாயிகளின் குரல். இவ்வளவு பேரில் பறவைக்கென்று பொறுப்பானவர் யாரும் இல்லை. பெரும்பாலான நீர்ப்பறவைகளை வேட்டையாடுவது சட்டப்படி குற்றம்தான். ஆனால் பறவையைச் சுடாமலே அதை விரட்டிவிட முடியும். மடையைத் திறந்தால் போதும், மரத்தை ஏலம் விட்டால் போதும்.

ஊர் கேட்டு வாங்கிய சட்டம்

ஊர் மக்களே பறவைகளைக் காப்பாற்றுவது தமிழ்நாட்டுக்குப் புதிதில்லை. வேடந்தாங்கல் மக்கள் தங்கள் ஏரிப் பறவைகளை வெள்ளைக்கார சிப்பாய்கள் சுடுவதாக முறையிட, 1798-இல் அன்றைய செங்கல்பட்டு கலெக்டர் லயோனல் பிளேஸ் அவர்களுக்கு எழுத்துப்பூர்வமாக உரிமை கொடுத்தார். காரணம் வெறும் பாசம் இல்லை. பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்பது அந்த ஊர் விவசாயிக்குத் தெரிந்திருந்தது.

தாமிரபரணிக் கரையிலும் அப்படி ஒரு கதை இருக்கிறது. வெளியே அவ்வளவாகத் தெரியாத கதை. ஆற்றங்கரையில், நறும்பூநாதர் கோயில் இருக்கும் ஊர் திருப்புடைமருதூர். கோயிலைச் சுற்றியும் ஊருக்குள்ளும் இருக்கும் பழைய மருது, இலுப்பை மரங்களில் நாரைகளும் கொக்குகளும் கூடு கட்டும். இந்தப் பறவைகளுக்குப் பாதுகாப்பு வேண்டும் என்று அரசிடம் கேட்டது ஊர் மக்கள்தான்.

அந்த நேரத்தில் சட்டமும் தோதாக மாறியிருந்தது. வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தில் 2002-இல் வந்த திருத்தம், தேசியப் பூங்கா, சரணாலயம் என்ற இரண்டுக்கும் அப்பால் 'பாதுகாப்புக் காப்பகம்' என்று புதிதாக ஒரு வகையைக் கொண்டுவந்தது. சரணாலயம் என்றால் உள்ளே நுழையவே கட்டுப்பாடு. இந்தப் புது வகையில் உள்ளூர் மக்களைக் கலந்து பேசித்தான் அறிவிக்க வேண்டும், நிர்வாகக் குழுவில் ஊராட்சிப் பிரதிநிதிகளும் இருக்க வேண்டும். 2005 பிப்ரவரி 14 அன்று திருப்புடைமருதூர் இப்படி அறிவிக்கப்பட்டது. இந்தியாவிலேயே முதல் பாதுகாப்புக் காப்பகம் இதுதான். பரப்பு எவ்வளவு தெரியுமா? 2.84 ஹெக்டேர். ஏறக்குறைய ஏழு ஏக்கர்தான்.

சின்னதாக இருப்பதுதான் இதன் விசேஷம். மனிதர்களை வெளியேற்றி அமைத்த காப்பகம் இல்லை இது. கோயிலுக்குப் போகிறவர், ஆற்றில் குளிக்கிறவர், ஆடு மேய்க்கிறவர் எல்லாரும் தலைக்கு மேல் கூடு இருக்கும் மரத்தடியில்தான் நடக்கிறார்கள். எச்சம் தலையில் விழும். பழகிப்போன விஷயம்.

கூந்தன்குளம் இன்னும் பிரபலம். திருநெல்வேலிக்குத் தெற்கே, நாங்குநேரி பக்கம். இங்கே சங்குவளை நாரைகள் குளத்து மரங்களில் மட்டுமல்ல, வீட்டு முற்றத்து வேம்பிலும் கூடு கட்டும். தீபாவளிக்கு இந்த ஊரில் வெடி வெடிப்பதில்லை. கூட்டில் இருந்து கீழே விழுந்த குஞ்சை எடுத்துப் பராமரிப்பதும் ஊர்க்காரர்கள்தான். 1994-இல் சரணாலயம் ஆனது, 2022-இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. அதாவது சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம். பட்டியலும் பலகையும் வருவதற்கு ரொம்ப முன்னாலேயே அந்த ஊர் பறவைகளோடு குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது.

இந்த இரண்டு ஊர்களையும் வைத்து 'மக்கள் மனசு வைத்தால் போதும்' என்று முடித்துவிடலாம். ஆனால் கூந்தன்குளத்துக்கே தண்ணீர் வருவது மணிமுத்தாறு அணையில் இருந்து. அணையில் தண்ணீர் இல்லாத வருஷம், கால்வாய் கடைசி வரை திறக்காத வருஷம், ஊர் எவ்வளவு பாசமாக இருந்தாலும் குளம் வறண்டுதான் கிடக்கும். நாரை தண்ணீரைப் பார்த்துத்தான் வரும், ஊரின் நல்ல மனசைப் பார்த்து வராது.

எண்ணினால் என்ன ஆகும்?

இங்கேதான் ஒரு கணக்கெடுப்பு உள்ளே வருகிறது. 2011-இல் இருந்து வருஷாவருஷம் ஜனவரி கடைசியில் 'தாமிரபரணி நீர்ப்பறவைகள் கணக்கெடுப்பு' நடக்கிறது. மணிமுத்தாற்றில் இயங்கும் அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவள காப்பு மையம் உள்ளூர் இயற்கை அமைப்புகளுடன் சேர்ந்து இதை நடத்துகிறது. பெங்களூரைச் சேர்ந்த 'ஏட்ரீ' ஆய்வு நிறுவனத்தின் மையம் இது. கணக்கெடுக்கப் போவது பெரும்பாலும் தன்னார்வலர்கள். கல்லூரி மாணவர்கள், ஆசிரியர்கள், கேமராவோடு ஞாயிற்றுக்கிழமை கிளம்புகிற ஐ.டி. ஊழியர்கள் என்று கலவையான கூட்டம். முதலில் ஒரு பயிற்சி, அப்புறம் குழு பிரித்து திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி மாவட்டக் குளங்களுக்கு அனுப்பிவிடுவார்கள்.

காலை ஆறரை மணிக்குக் குளத்துக் கரையில் நின்றால் எதிரே ஆயிரக்கணக்கில் வாத்து. எப்படி எண்ணுவது? 50 பறவை எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று முதலில் கண்ணால் அளந்துகொள்வார்கள். பிறகு அந்த அளவில் கூட்டத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து எண்ணுவார்கள். பாதி எண்ணும்போது மேலே ஒரு பருந்து சுற்றினால் மொத்தக் கூட்டமும் எழும்பிவிடும். திரும்ப முதலில் இருந்து.

பறவைகளோடு சேர்த்து இன்னொன்றையும் பார்க்கிறார்கள்: குளத்தின் நிலைமை. குப்பை கொட்டியிருக்கிறதா, சாக்கடை கலக்கிறதா, ஆகாயத்தாமரை மூடியிருக்கிறதா, மண் அள்ளியிருக்கிறார்களா. பறவை எண்ணிக்கையைவிட இந்த விவரம்தான் சில சமயம் கூடுதலாகப் பேசும்.

ஏனென்றால் எண்ணிக்கை ஏமாற்றும். நல்ல மழை பெய்த வருஷத்தில் எல்லாக் குளத்திலும் தண்ணீர் இருக்கும், பறவைகள் ஊருக்கு ஊர் சிதறிவிடும், குறிப்பிட்ட குளத்தில் எண்ணிக்கை குறையும். வறட்சியில் மிச்சம் இருக்கும் நாலு குளத்தில் எல்லாம் வந்து குவியும். 'பறவைகள் வரத்து அதிகரிப்பு' என்று தலைப்புப் போட வசதியான வருஷம், உண்மையில் பறவைகளுக்கு மோசமான வருஷமாக இருக்கலாம். ஒரு வருஷக் கணக்கை வைத்து எதுவும் சொல்ல முடியாது, பத்துப் பதினைந்து வருஷம் தொடர்ந்து எண்ணினால்தான் ஒரு போக்கு தெரியும். சம்பளம் இல்லாத ஆட்களை நம்பி இவ்வளவு காலம் ஒரு கணக்கு ஓடுவதே பெரிய விஷயம்.

தூர்வாருவது நல்லதுதானே?

நல்லதுதான். சந்தேகமே வேண்டாம். வண்டல் மேடிட்ட குளத்தில் தண்ணீர் நிற்காது, பிசானம் கருகும். ஸ்ரீவைகுண்டம் அணையைத் தூர்வாரச் சொல்லி 2015-இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் வரை வழக்குப் போனது. 2017-இல் தமிழக அரசு குடிமராமத்துத் திட்டத்துக்கு மறுபடி உயிர் கொடுத்தபோது கடைமடை விவசாயிகள் அதை வரவேற்றார்கள். குளத்தில் இருந்து வண்டல் மண்ணை எடுத்து வயலில் போட அனுமதி கேட்பதும் நியாயமான கோரிக்கை.

பிரச்சினை எப்படித் தூர்வாருகிறோம் என்பதில்.

பழைய குளம் ஒன்றைக் கோடையில் போய்ப் பாருங்கள். கரைப் பக்கம் ஆழம், எதிர்ப் பக்கம் போகப் போக மேடு, ஒரு தாம்பாளத்தைச் சாய்த்து வைத்த மாதிரி. தண்ணீர் வற்ற வற்ற அதன் விளிம்பு நகர்ந்துகொண்டே இருக்கும். அந்த விளிம்புதான் பறவைகளின் சாப்பாட்டு மேஜை. உள்ளான்களுக்கு விரற்கடை ஆழம் போதும். நெடுங்கால் உள்ளான் இன்னும் கொஞ்சம் உள்ளே இறங்கும். நாரைக்கு முழங்கால் அளவு. முக்குளிப்பானும் கூழைக்கடாவும் ஆழத்தில். ஒரே குளத்தில் இத்தனை வகை சண்டை இல்லாமல் சாப்பிடுவது காலின் நீளத்தால்தான்.

ஜேசிபி இறங்கி எல்லாப் பக்கமும் செங்குத்தாக வெட்டி, அடியைச் சமமாக்கி விட்டால் என்ன ஆகும்? தாம்பாளம் தொட்டியாகிவிடும். தண்ணீர் நிறைய நிற்கும், போட்டோவில் அழகாக இருக்கும். ஆனால் விளிம்பு இல்லை. நீர்க்காகம் வரும், நாமக்கோழி வரும். உள்ளானும் நாரையும் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு அடுத்த குளத்துக்குப் போய்விடும்.

அடுத்தது மரம். குளத்துக்குள் நிற்கும் நாட்டுக் கருவேல மரங்களில் பல 1980-களில் சுவீடன் நிதியுதவியோடு நடந்த சமூகக் காடு திட்டத்தின் வாரிசுகள். விறகுக்கும் வருமானத்துக்கும் நட்டவை. தண்ணீர் சூழ்ந்த முள்மரம் என்றால் பாம்பும் பூனையும் எளிதில் ஏறாது, கூடு கட்ட இதைவிட நல்ல இடம் கிடையாது. யாரும் திட்டமிடாமலே, விறகுத் தோப்பு பறவைகளின் பிரசவ வார்டு ஆகிவிட்டது. இப்போது மரம் முற்றியதும் ஏலம். ஊராட்சிக்கும் அதில் பங்கு உண்டு, அதனால் ஏலம் வேண்டாம் என்று சொல்வது ஊருக்கு எளிதில்லை.

சீமைக் கருவேலம் இன்னும் சிக்கல். 2017-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை இதை அகற்ற உத்தரவிட்டதும் மாவட்டம் மாவட்டமாக இயந்திரங்கள் இறங்கின. தண்ணீரை உறிஞ்சும், நம் மரங்களை வளரவிடாது என்பதெல்லாம் சரி. ஆனால் நாட்டு மரம் ஒன்றுமே மிஞ்சாத குளத்தில், கொக்குகள் வேறு வழியில்லாமல் சீமைக் கருவேலத்தில்தான் கூடு கட்டியிருக்கும். முதலில் மாற்று மரம் வளரட்டும், பிறகு கட்டம் கட்டமாக இதை எடுக்கலாம் என்பது சூழலியல் பக்கத்தில் இருந்து வரும் யோசனை. கருவேலம், நீர்க்கடம்பு, மருது மாதிரி தண்ணீரைத் தாங்கும் மரங்கள் கூடு கட்டும் அளவுக்கு வளர ஏழெட்டு வருஷமாவது வேண்டும். டெண்டருக்கு அவ்வளவு பொறுமை கிடையாது.

மாசியில் தொடங்கும் இழுபறி

இதில் விவசாயியை வில்லன் ஆக்குவது சுலபம், அது தப்பு.

தாமிரபரணிப் பாசனத்தில் கார், பிசானம் என இரண்டு போகம். பிசானம் பெரும்பாலும் மாசி, பங்குனியில் அறுவடை. அதற்குப் பிறகு குளத்தில் இருக்கும் தண்ணீர் வாழைக்கும், மாட்டுக்கும், கிணற்று ஊற்றுக்கும். மீன் குத்தகை எடுத்தவருக்குத் தண்ணீர் குறைந்தால்தான் வலை போட வசதி. சங்குவளை நாரையின் கணக்கு வேறு. முட்டையிட்டு அடைகாக்க ஒரு மாதம், குஞ்சு சிறகு முளைத்துப் பறக்க மேலும் இரண்டு மாதம். தையில் கூடு கட்டியது என்றால் சித்திரை வரைக்கும் மரத்தடியில் தண்ணீர் வேண்டும், பக்கத்தில் மீன் வேண்டும். இடையில் குளம் வற்றிவிட்டால் தாய்ப்பறவைகள் குஞ்சுகளை விட்டுவிட்டுப் போய்விடுவதும் உண்டு.

விவசாயிக்கும் குறைகள் உண்டு. நாற்று நட்ட வயலில் நீலத் தாழைக்கோழி இறங்கினால் பயிரைப் பிடுங்கிப் போட்டுவிடும். நத்தைக்குத்தி நாரை வயலில் நத்தையைத் தின்று உதவி செய்வது உண்மை, ஆனால் கூட்டமாக நடக்கும்போது நாற்று மிதிபடுவதும் உண்மை. கடைமடையில் இருப்பவருக்குத் தண்ணீரே சந்தேகம். ஸ்ரீவைகுண்டம் அணையில் இருந்து தூத்துக்குடித் தொழிற்சாலைகளுக்கு நாளொன்றுக்கு 2 கோடி கேலன் எடுக்கும் திட்டத்தை எதிர்த்து விவசாயிகள் நீண்ட காலம் போராடியிருக்கிறார்கள். ஆற்றுத் தண்ணீரில் ஆலைக்குப் பங்கு, நகரத்துக்குப் பங்கு, மிச்சத்தில் பறவைக்கும் பங்கு கொடு என்று கடைசி ஆளிடம் போய்க் கேட்பது கொஞ்சம் கூச்சமான காரியம்தான்.

2023 டிசம்பர் 17, 18 நினைவிருக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை. ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் நின்றுபோனது, ஏரல் மூழ்கியது, குளங்களின் கரைகள் உடைந்தன. அந்த வெள்ளத்துக்குப் பிறகு இந்தப் பக்கம் யாரிடமும் போய் 'குளத்தை ஆழப்படுத்தாதீர்கள்' என்று சொல்ல முடியாது. சொல்லவும் கூடாது. கேட்கக்கூடியது வேறு: கரையைப் பலப்படுத்துங்கள், மடைப் பக்கம் ஆழமாக்குங்கள், எதிர்ப் பக்கச் சரிவை மட்டும் சரிவாகவே விடுங்கள். அள்ளும் மண்ணில் கொஞ்சத்தைக் குவித்து நடுவில் இரண்டு மண் திட்டு போட்டு அதில் கருவேலம் நடுங்கள். கூடு இருக்கும் மரத்தைக் குஞ்சு பறக்கும்வரை ஏலப் பட்டியலில் சேர்க்காதீர்கள். கொள்ளளவில் இதனால் பெரிதாக எதுவும் குறைந்துவிடாது. ஒப்பந்ததாரருக்குத்தான் கொஞ்சம் கூடுதல் வேலை.

பேச இடம் இருக்கிறதா?

இருக்கிறது, பலருக்குத் தெரியாது. பல்லுயிர்ப் பெருக்கச் சட்டம், 2002-இன்படி ஒவ்வொரு உள்ளாட்சியிலும் ஒரு பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். ஊரில் என்ன மரம், என்ன மீன், என்ன பறவை என்று ஒரு மக்கள் பதிவேடும் அது வைத்திருக்க வேண்டும். நிறைய இடங்களில் இந்தக் குழு காகிதத்தில் மட்டுமே தூங்குகிறது. 2022-இல் தொடங்கிய தமிழ்நாடு ஈரநில இயக்கம் 5 ஆண்டுகளில் 100 ஈரநிலங்களைச் சீரமைப்பதை இலக்காக வைத்தது. தமிழ்நாட்டில் இப்போது 20 ராம்சார் இடங்கள் உள்ளன, நாட்டிலேயே அதிகம். ஆனால் நெல்லைச் சீமையின் நூற்றுக்கணக்கான குளங்களில் பெரும்பாலானவை எந்தப் பட்டியலிலும் வராது. வரவும் தேவையில்லை. திருநெல்வேலி மாவட்ட நிர்வாகமும் ஏட்ரீயும் சேர்ந்து 2021-இல் தொடங்கிய 'தாமிரசெஸ்' திட்டம் இந்த இடைவெளியில்தான் வேலை பார்க்கப் பார்க்கிறது. ஆற்றைத் தனியாக, குளத்தைத் தனியாக, படித்துறையைத் தனியாகப் பார்க்காமல் அந்தந்த ஊர்க்காரர்களோடு சேர்த்துப் பார்ப்பது அதன் அணுகுமுறை.

இதைவிடப் பக்கத்தில் இருப்பது கிராம சபை. வருஷத்தில் ஆறு நாள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. குளம் வற்றி இயந்திரம் இறங்குவது பெரும்பாலும் சித்திரை, வைகாசியில். அதாவது மார்ச் 22-உம் மே 1-உம் சரியான தேதிகள். உங்கள் ஊர்க் குளத்துக்கு வேலை வருகிறதா, மதிப்பீட்டில் சரிவு எப்படிப் போட்டிருக்கிறார்கள், மர ஏலம் உண்டா, எந்த மாதம் என்று அங்கே எழுந்து கேட்கலாம், தீர்மானமும் போடச் சொல்லலாம். சென்னையிலோ பெங்களூருவிலோ வேலையில் இருப்பவர்கள், ஊரில் இருக்கும் சித்தப்பாவிடம் சொல்லிக் கேட்க வைக்கலாம்.

கையில் கணக்கு இருந்தால் பேச்சு எடுபடும். 'எங்க குளத்துக்கு நிறைய பறவை வரும்' என்பதற்கும், 'மூன்று ஜனவரியாக எண்ணியிருக்கிறோம், இத்தனை நாரைக் கூடு, இந்த மரங்களில்' என்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது. எண்ணுவதற்குப் பெரிய கருவி வேண்டாம். ஒரு பைனாகுலர், ஒரு நோட்டு, போனில் 'இபேர்ட்' செயலி. வெளிர் நிற உடை, தொப்பி, தண்ணீர் பாட்டில். கூட்டுக்குக் கீழே போய் நின்று செல்ஃபி வேண்டாம். தாய்ப்பறவை எழும்பினால் அந்த நேரம் பார்த்து காகம் முட்டையைத் தூக்கிவிடும்.

ஆறரை மணிக்குள் கரையில் இருந்தால் நல்லது. ஒன்பது மணி வெயிலுக்கு வாத்துக் கூட்டம் குளத்தின் நடுவுக்குப் போய்விடும், அப்புறம் தூரத்துப் புள்ளிகள்தான்.